வாசம் வருதுடா என்று நீ சொன்னது

இன்று மதியம் உணவகம் திறக்கும் முன் ஒரு பெக்கோரினோ வைன் புட்டியைத் திறந்தேன். கார்க் வெளியே வந்ததும் எலுமிச்சைத் தோலின் வாசம் எழுந்தது. பின்னாலேயே மழையில் நனைந்த கல்லின் வாசம். அப்படியே நின்றுவிட்டேன். "எல்லாம் சரிதானே?" என்று மேனேஜர் உள்ளேயிருந்து கேட்டார். சரி என்றேன். நீ போன பிறகு அந்த வைனை நான் திறப்பது இதுதான் முதல் தடவை.

துபாயில் நம் ஹோட்டலின் இத்தாலிய உணவகத்தில் நான் பரிமாறுகிறவன், நீ வைனுக்குப் பொறுப்பானவன். கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரரின் மகன் இங்கே வந்து வைன் ஊற்றுகிறான் என்று அல் குசைஸில் நாம் தங்கியிருந்த அறையில் உன்னைக் கேலி செய்வோம். நீ குடிக்கவும் மாட்டாய். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவாய். அலமாரியில் எத்தனையோ பெரிய பெயர்கள் இருந்தும் உனக்குப் பிடித்தது இந்த வெள்ளை வைன்தான்.

"காய்ப்பு கம்மின்னு எல்லாரும் வெட்டிப் போட்ட கொடிடா இது. மலை மேல ஏதோ பழைய தோட்டத்துல மிச்சம் கெடந்துச்சாம். அதுல குச்சி வெட்டிட்டு வந்து நட்டு மறுபடி உண்டாக்கியிருக்காய்ங்க. அதுவும் மருந்தே அடிக்காம!"

அந்தக் கடைசி வார்த்தையை அழுத்திச் சொல்வாய். உன் அப்பா தோட்டத்தில் மருந்தடித்த நாள்களில் வீட்டில் சோறுகூடக் கசக்குமாம்.

ஒரு விருந்தாளி, "நான் வைன் கேட்டேன், நீ சீஸ் பெயரைச் சொல்கிறாயே" என்று சிரித்தார். அந்தப் பெயரில் ஒரு செம்மறிப்பால் சீஸ் உண்டு. மேய்ச்சலுக்குப் போகும் வழியில் செம்மறிகள் தின்ற திராட்சை, அதனால்தான் அந்தப் பெயர் என்று ஒரு கதை சொன்னாய். அவர் இன்னொரு புட்டி கேட்டு வாங்கினார். அன்று உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

கொரோனா நம் அறையில் எல்லோருக்கும் வந்தது. எங்களுக்கு வாசம் திரும்பியது, உனக்குத் திரும்பவில்லை. குழம்பு அடிபிடித்து அறை முழுக்கப் புகை சூழ்ந்தபோது நீ அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தாய். நான் ஓடிவந்து அடுப்பை அணைத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"யார்ட்டயும் சொல்லிறாதடா. மூக்கு இல்லைன்னா எனக்கு இங்க என்ன டூட்டி?"

அதன் பிறகு உனக்காக நான் முகர்ந்தேன். புட்டி கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும் என்று சொல்லிக்கொடுத்தாய். நீ திறப்பாய். நான் தட்டோடு பக்கத்தில் வந்து, ஒரு மூச்சு இழுத்துத் தலையாட்டிவிட்டுப் போவேன். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுப் போல இருந்தது. சில நாள் சிரிக்கக்கூடச் செய்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நான் சமையலறையில் மாட்டிக்கொண்டேன். நீ திறந்த புட்டி கெட்டுப்போயிருந்தது. ஊற்றிவிட்டாய். விருந்தாளி கோப்பையைத் தள்ளி வைத்து, "நீங்கள் இதை முகர்ந்தே பார்க்கவில்லையா?" என்று கேட்டார். மேனேஜர் வந்து மன்னிப்புக் கேட்டார். ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். நீ சொல்லவில்லை. "எனக்கு வாசம் தெரியறதில்ல சார். ரொம்ப நாளாச்சு" என்றாய். மேனேஜர் நல்ல மனிதர். உன்னை வேலையிலிருந்து அனுப்பவில்லை. ஆனால் மறுநாள் முதல் உனக்குக் கீழ்த்தளத்து ஸ்டோரில் டூட்டி. கோட்டில் குத்தியிருந்த திராட்சைக்கொத்து பேட்ஜை நீயே கழற்றி அவர் மேசையில் வைத்தாயாம்.

ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம், "வந்துருச்சா?" என்று கேட்பேன். "மாஃபி, இன்னும் இல்லடா" என்பாய். பிறகு நீயாக ஒரு நாள் போன் செய்து என்னைக் கீழே வரச் சொன்னாய். பெட்டியின் மேல் கோப்பையில் பெக்கோரினோ. கண்ணை மூடி வெகுநேரம் மூக்கருகே வைத்திருந்தாய்.

"வருதுடா. எலுமிச்சத் தோலு... அப்புறம் நனைஞ்ச கல்லு."

உன்னைக் கட்டிக்கொண்டேன். படி ஏறும்போதுதான் உறைத்தது. முன்பு ஒவ்வொரு மேசையிலும் நீ சொல்லும் அதே வார்த்தைகள் அவை. நிஜமாகவே முகர்ந்தாயா, நினைவிலிருந்து சொன்னாயா? நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் உன் லீவு நாளில், மதியத் தூக்கத்திலிருந்து நீ எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

ஊருக்கு அனுப்பும் முன் உன்னைக் காட்டினார்கள். அந்தக் குளிர்ந்த கூடத்தில் நின்று, என்னை அறியாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: மருந்து நெடி. கற்பூரம். புதுப் பலகை.

காரியமெல்லாம் முடிந்து உன் மனைவி போன் செய்தாள்.

"அண்ணே, அவருக்கு வாசம் திரும்பிருச்சாண்ணே? திரும்பிருச்சுன்னு எங்கிட்டச் சொன்னாரு. எனக்காகச் சொன்னாரோன்னு மனசு அடிச்சுக்குது."

"திரும்பிருச்சும்மா" என்றேன். "என் முன்னாலதான் முகர்ந்து பார்த்தான்."

அவள் அழுதாள். கொஞ்சம் ஆறுதலாகத்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். நான் அவளிடம் உண்மையைத்தான் சொன்னேனா என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.