பல்லாவரத்துக்கு அப்புறம் இங்கிலீஷ்

இன்று காலை தாம்பரத்தில் வண்டி ஏறியதும் யூகலிப்டஸ் தைலத்தின் வாடை. பக்கத்து சீட்டுப் பெண் கைக்குட்டையில் சொட்டு விட்டு மூக்கோடு அழுத்திக்கொண்டிருந்தாள். நீயும் அப்படித்தான் வைத்திருந்தாய். எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடலாமா என்று தோன்றியது. இத்தனை வருடம் ஆகியும் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் பாரிமுனையில் ஒரே கம்பெனியில் டைப்பிஸ்ட். நீ படப்பையிலிருந்து பஸ் பிடித்து வருவாய், நான் சேலையூரிலிருந்து சைக்கிளில். தாம்பரத்தில் சேர்ந்து மின்சார ரயில் ஏறுவோம். இரண்டு பேருமே தமிழ் மீடியம். இங்கிலீஷ் டைப் அடிக்க வரும், பேச வராது. அதற்காக நீ போட்ட சட்டம்தான் பல்லாவரம். அந்த ஸ்டேஷன் வரை தமிழ். உன் அண்ணியின் முணுமுணுப்பு, பெண் பார்க்க வந்துபோன மாப்பிள்ளை எல்லாவற்றையும் அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். பல்லாவரம் தாண்டினால் இறங்குகிற பீச் ஸ்டேஷன் வரைக்கும் இங்கிலீஷ்தான். லேடீஸ் பெட்டியில் பூக்கட்டிக்கொண்டு வரும் அக்கா நம்மை விடமாட்டார். "பல்லாவரம் வந்துட்ச்சி. தொரசானிங்க ஆரம்பிச்சிடுவாங்க பாரு" என்பார்.

இலக்கண இங்கிலீஷ் உனக்குப் போதவில்லை. வெள்ளைக்காரர்கள் வீட்டுக்குள் சாதாரணமாகப் பேசிக்கொள்கிற மாதிரி பேச ஆசை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த புத்தகத்திலிருந்து தினம் ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டு வருவாய். "பீஸ் ஆஃப் கேக்" கற்ற வாரமே அதை மேனேஜரிடம் விட்டுவிட்டாய். அவசர ஸ்டேட்மென்ட், சாயங்காலத்துக்குள் முடியுமா என்று அவர் கேட்டார். ரொம்ப சுலபம் என்பதற்கு நீ "பீஸ் ஆஃப் கேக், சார்" என்றாய். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் என்ன உன்கூட காலேஜ்ல படிச்சவனாம்மா?"

மறுநாளே உன்னைத் தபால் அனுப்பும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு தொடரைவிட, அதை எங்கே சொல்வது என்பதே உனக்குப் பெரிய விஷயமாகிவிட்டது. "அர்த்தம் இன்னான்னு யார் வேணா சொல்லிடுவாங்கடி. யாராண்ட சொல்றது, எவ்ளோ பெரிய விஷயத்துக்குச் சொல்றது, அதான் பேஜாரு" என்பாய்.

"அண்டர் தி வெதர்" அதற்கப்புறம் வந்தது. உடம்பு கொஞ்சம் சரியில்லை என்று அர்த்தம். ஜலதோஷம், தலைவலி, ஒருநாள் லீவு, அவ்வளவுக்குத்தான் அது தாங்கும். பெரிய ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த என் அத்தையைப் பற்றி நான் அப்படிச் சொன்னபோது உடனே திருத்தினாய். "பெரிய வியாதிக்கு அத்தச் சொல்லக்கூடாதுடி. வெளையாடுறோம்னு நெனச்சிக்குவாங்க."

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் கைக்குட்டையும் தைலமுமாக ஏறினாய். சானடோரியம் போயிற்று, குரோம்பேட்டை போயிற்று, நீ வாயே திறக்கவில்லை. எனக்கு நிச்சயம் ஆகியிருந்த சமயம். நான்தான் புடவையைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். பல்லாவரம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய், "ஐயாம் எ பிட் அண்டர் தி வெதர்." சளிக்குச் சரியான தொடர்தான் என்று நினைத்துக்கொண்டேன். "டேக் இட் ஈஸி" என்றேன். நீ தலையாட்டினாய். கிண்டியில் கூட்டம் ஏறியது, பேச்சு நின்றுபோயிற்று.

கொஞ்ச நாளில் நீ வேலைக்கு வருவது நின்றது. ஆபீசில் காய்ச்சல் என்றார்கள். கல்யாண வேலையில் நான் படப்பைப் பக்கம் வரவில்லை. பிறகொரு நாள் உன் குடையையும் டிபன் பாக்ஸையும் வாங்கிப்போக உன் அண்ணன் வந்தார். நுரையீரலில் புற்று, காரியமெல்லாம் முடிந்துவிட்டது என்றார். எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று ஆபீஸ் நடுவிலேயே கத்தினேன். அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார்.

"உங்களாண்ட ரயில்லயே சொல்லிட்டேன்னு சொல்லிச்சேம்மா. மொதல்ல உங்களாண்டதான் சொன்னேன்னு சொல்லிச்சே."

அன்றிலிருந்து உன்னோடு எனக்கு இதுதான் சண்டை. அந்தத் தொடரை எதற்குச் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீ. பிறகு ஏன் அதைப் போய்ச் சொன்னாய்? தப்பாகச் சொல்லமாட்டாளே என்று நான் திடுக்கிட்டுத் திரும்புவேன் என்று பார்த்தாயா? இல்லை, எனக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தாயா? அப்படியானால் என்னிடம் சொல்லிவிட்டதாக அண்ணனிடம் எதற்குச் சொன்னாய்? குரோம்பேட்டையிலேயே தமிழில் சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? தமிழில் சொன்னால் அழுதுவிடுவாய், அதனால்தான் பல்லாவரம் வரட்டும் என்று காத்திருந்தாய் போலிருக்கிறது. அந்த நினைப்பில் வந்து நின்றால்தான் என் கோபம் அழுகையாகிவிடுகிறது.

பக்கத்துப் பெண்ணுக்குப் போன் வந்தது. "நத்திங்டி, ஜஸ்ட் அண்டர் தி வெதர்" என்று சொல்லி வைத்தாள். வண்டி அப்போதுதான் பல்லாவரத்தைத் தாண்டியிருந்தது. முன்பின் தெரியாத பெண், இருந்தும் கேட்டுவிட்டேன்.

"உடம்புக்கு என்ன பண்ணுதும்மா?"

"சளிதான் ஆன்ட்டி" என்று சிரித்தாள். நம்பாமல் கிண்டி வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் இதே கதைதான், ஒரு தும்மல் போட்டால்கூட விடுவதில்லை என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். உன்னிடம் கேட்க வேண்டியதை இன்னும் யார் யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.