மணிக்கொரு தடவை அணையும் மடிக்கணினி

அனுப்புநர்:
சூ. சாள்ஸ்,
கடற்கரை வீதி,
தலவில,
கல்பிட்டி.

பெறுநர்:
மாவட்டப் பொறுப்பதிகாரி,
பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை,
மாவட்டச் செயலகம்,
புத்தளம்.

பொருள்: புதிய மடிக்கணினியில் தவணை குறித்த இயங்குதளத்தை நிறுவிவிட்டு, அது நின்றபோது தீர்த்தம் பட்டதே காரணம் என்று உத்தரவாதத்தை மறுத்தமை, 24.08.2023க்கு முன் அக்கணினியைப் பரிசோதிக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் தலவிலயில் வசிப்பவன். கரைவலை மீனவர் சங்கமொன்றின் செயலாளர். மனைவி மக்தலேனா, ஒரே மகள் ஷானிகா, வயது பத்தொன்பது. இம்மனு அவளுக்காக வாங்கிய மடிக்கணினி பற்றியது. நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வேறு கணினியும் கேட்கவில்லை. இப்போது கடையில் இருக்கும் அந்தக் கணினியை, அதில் உள்ளவை அழிக்கப்படுமுன், தங்கள் அலுவலர் ஒருவர் பார்த்து, கண்டதை எழுதித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை. அழிப்பதற்குக் கடைக்காரர் குறித்துள்ள நாள் எதிர்வரும் வியாழக்கிழமை.

2. கணினியை 12.05.2023 வெள்ளிக்கிழமை முந்தல் பிரதான வீதியிலுள்ள கடையொன்றில் வாங்கினோம். கடையின் பெயரும் முகவரியும் இணைப்பு 1 ஆகிய பற்றுச்சீட்டில் உள்ளன. வாங்கும்போது அதில் இயங்குதளம் இருக்கவில்லை. கணினியை இயங்க வைக்கும் அந்த அடிப்படை மென்பொருளைக் கடையே நிறுவித் தரும் என்றார் முதலாளி. காலை பத்தரை மணிக்குக் கடையின் தொழில்நுட்பவியலாளர் நிரோசன் வேலையைத் தொடங்கினார். நானும் மகளும் எதிரே கதிரைகளில் இருந்தோம்.

3. முதல் மூன்று தடவையும் வேலை ஒரே இடத்தில் நின்றது. எந்த வன்தட்டில் பதிவது என்று கேட்கும் திரை வந்தது. ஆனால் கீழே பட்டியலில் ஒரு தட்டும் இல்லை. நிரோசன் பென்ட்ரைவைக் கழற்றி மறுபக்கத் துளையில் செருகினார். அமைப்புகளை மாற்றினார். மறுபடியும் வெறும் பட்டியல். கடைக்குள் வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். நான்காம் தடவை நிரோசன் மேசை லாச்சிக்குள் இருந்து இன்னொரு பென்ட்ரைவை எடுத்தார். அதில் இணையத்திலிருந்து இறக்கிய புதிய பிரதி இருப்பதாகச் சொன்னார். அதற்கு வன்தட்டு தெரிந்தது. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

4. திரையின் வலது கீழ் மூலையில் சிறிய ஆங்கில எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. மகள் அதைக் காட்டி என்னவென்று கேட்டாள். "அது கொம்பனி எழுத்து தங்கச்சி. அதையே பாத்துக்கொண்டிருந்தா படிக்கேலாது" என்றார் நிரோசன். நாங்களும் அவரோடு சேர்ந்து சிரித்தோம். அன்று பின்னேரம் மகள் கணினித் திரையைத் தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்துச் சிலாபத்திலுள்ள தன் சித்திக்கு அனுப்பினாள். அந்தப் படம் இணைப்பு 2. திகதியும் நேரமும் அதில் உள்ளன.

5. கணினி வாங்கியதன் காரணம் ஒன்றே. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் மருத்துவ ஆய்வுகூட உதவியாளர் கற்கைக்கு முழுப் புலமைப்பரிசில் தருகிறது. தெரிவுத் தேர்வு இணையவழியில் நடைபெறும். ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவை மட்டுமே தோற்றலாம். ஒரு கிழமைக்கு முன் பதிவுசெய்த கணினியில் மட்டுமே எழுதலாம். இடையில் தொடர்பு அறுந்தால் திரும்ப நுழைய முடியாது. எங்கள் கணினியை 04.08.2023 அன்று பதிவுசெய்தோம். தேர்வு 12.08.2023 சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பத்தரை மணி வரை.

6. இனிச் சொல்வதைக் கடைக்காரர் எங்களுக்கு எதிராகச் சொல்லியிருக்கிறார். ஆகவே நானே முழுவதும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் வள்ளமானாலும் இயந்திரமானாலும் வலையானாலும் மந்திரிக்காமல் கடலில் இறக்குவதில்லை. பிழைப்புக்கு என்று வீட்டுக்கு வரும் எதையும் பங்குச் சுவாமியிடம் கொண்டுபோவோம். அப்படியே 06.08.2023 ஞாயிறு பூசைக்குப் பின் மனைவி கணினியைக் கோயில் விறாந்தைக்குக் கொண்டுபோனார். சுவாமி செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். கணினி மூடியிருந்தது. "சுவாமி, பிள்ளைக்குச் சோதனை, இன்னும் ஒருக்காத் தெளியுங்கோ" என்று மனைவி கேட்டார். சுவாமி இரண்டாம் தடவையும் தெளித்தார். மேல்மூடியில் விழுந்தவை ஏழெட்டுத் துளிகள். மனைவி அவற்றைத் தன் முந்தானையால் துடைத்தார். அதன்பின் நான்கு நாட்கள் கணினி எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது.

7. ஓகஸ்ட் 10ஆம் திகதி, வியாழக்கிழமை பின்னேரம் கணினி தானாக அணைந்தது. திரையின் பின்னணிப் படமும் போய்க் கறுப்பாயிருந்தது. வெள்ளிக்கிழமையும் பல தடவை அணைந்தது. கடைக்குத் தொலைபேசியில் சொன்னோம். "சார்ஜரைக் கழட்டிப் போட்டுப் பாருங்கோ" என்று பதில் கிடைத்தது. பார்த்தோம். கணினியை மாற்றத் தேர்வு விதி இடம் தரவில்லை.

8. சனிக்கிழமை காலை 8.40க்கு மகள் கணினியை இயக்கினாள். அடையாளச் சரிபார்ப்பு முடிந்து ஒன்பது மணிக்குத் தேர்வு தொடங்கியது. மின்சாரம் இருந்தது, மின்கலமும் நிறைந்திருந்தது. 9.40க்கு, முப்பத்தோராவது வினாவுக்கு விடை குறித்துக்கொண்டிருக்கையில், கணினி அணைந்தது. வினாக்கள் அறுபது. மீண்டும் இயக்கியபோது தேர்வு மூடப்பட்டிருந்தது. பத்தரை மணிவரை அவள் அந்தக் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

9. கரைவலையில் எந்த வலை எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை மணிக்குக் கரையேறியது என்று எழுதி வைப்பது சங்கத்தில் என் வேலை. முறை தப்பினால் கரையில் சண்டை வரும் என்பதால் நிமிடத்தோடு எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் 13, 14ஆம் திகதிகளில் கணினியை இயக்கிய நேரத்தையும் அது அணைந்த நேரத்தையும் கொப்பியில் எழுதினேன். பதினொரு தடவை பார்த்தேன். பதினொரு தடவையும் அறுபது நிமிடத்தில் அணைந்தது. ஒரு தடவையேனும் ஐம்பத்தொன்பதோ அறுபத்தொன்றோ ஆகவில்லை. அந்தப் பக்கங்களின் பிரதி இணைப்பு 3.

10. புதன்கிழமை, 16ஆம் திகதி, மூவரும் கணினியோடு முந்தலுக்குப் போனோம். தண்ணீர் ஏதும் பட்டதா என்று முதலாளி கேட்டார். மனைவி பொய் சொல்லத் தெரியாதவர். நடந்ததைச் சொன்னார். "கம்பியூட்டருக்குத் தண்ணி தெளிச்சுப் பூசை வச்சிட்டு எங்களிட்டக் கொண்டாறீங்களே! இனி மாதாவிட்டத்தான் திருத்தக் குடுக்கோணும்" என்றார் முதலாளி. கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கொப்பியைக் காட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. கணினியின் அடிப்பகுதியிலுள்ள உத்தரவாத முத்திரையை உடைக்காமலே, உள்ளே பார்க்காமலே, "திரவம் பட்டுள்ளது, உத்தரவாதம் செல்லாது" என்று சிங்களத்தில் எழுதி முத்திரை குத்திக் கையில் தந்தார். அது இணைப்பு 4. கணினியை விட்டுவிட்டுப் போகும்படியும் சொன்னார். அதை விட்டுவந்தது என் தவறு.

11. கடை வாசலில் மகள் தாயிடம் ஒரு வசனம் சொன்னாள்: "உங்கட தீர்த்தம் இல்லாட்டி நான் எழுதி முடிச்சிருப்பன் அம்மா." இன்றுடன் ஆறாவது நாள், அவர்கள் இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. சாப்பாட்டை நான்தான் மகளின் அறைக்குக் கொண்டுபோகிறேன். மனைவி நேற்றுப் பூசைக்குப் போனார். கோயில் வாசலிலுள்ள தீர்த்தத் தொட்டியில் அவர் கை வைக்கவில்லை. முப்பது வருடத்தில் நான் அதைக் கண்டதில்லை. இவை தங்கள் அலுவலகத்தின் விடயமல்ல என்பதை அறிவேன். முறைப்பாட்டின் பாதிப்பு எது என்று படிவத்தில் கேட்டிருப்பதால் எழுதினேன்.

12. 16ஆம் திகதி கடையிலிருந்து திரும்பும் வழியில் மனைவியையும் மகளையும் பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டு, மகளின் கைத்தொலைபேசியோடு நான் மதுரங்குளியில் இறங்கிக் கனமூலைக்குப் போனேன். அங்கே கணினி திருத்தும் அஸ்ஜத் என்பவரிடம் என் கொப்பியையும் மகள் எடுத்த படத்தையும் காட்டி, கடையில் நிறுவிய விதத்தையும் சொன்னேன். அவர் கொப்பியைப் பார்த்ததுமே, "தண்ணி பட்ட சாமான் மணிக்கூடு பாத்து மவுத்தாகுமா அண்ணன்?" என்றார். பிறகு படத்தைப் பெரிதாக்கி மூலையிலுள்ள மூன்று வரிகளை வாசித்தார். இது பரீட்சித்துப் பார்ப்பதற்காக மட்டும் வழங்கப்படும் பிரதி. தொண்ணூறு நாட்களுக்கே செல்லுபடியாகும். தவணை முடிந்தால் பின்னணி கறுப்பாகும். அதன்பின் ஒவ்வொரு மணித்தியாலமும் கணினி தானே அணையும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினார். மே 12ஆம் திகதியிலிருந்து தொண்ணூறாவது நாள் ஓகஸ்ட் 10. முதல் பிரதிக்கு வன்தட்டு தெரியாததற்கும் கணினியின் பழுது காரணமல்ல. அந்த வன்தட்டுக்கு உரிய சிறு துணை மென்பொருளை முதலில் ஏற்றியிருந்தால் சரியான பிரதியே நிறுவப்பட்டிருக்கும் என்றும் சொன்னார். எழுதித் தரக் கேட்டேன். கணினியைக் கண்ணால் பார்க்காமல் கையொப்பமிட முடியாது என்றார். அது நியாயம்.

13. இதை வீட்டில் சொன்னேன். மகள், "அஸ்ஜத் நானா லெப்டொப்பைக் கண்டவரா? கடுதாசியில தண்ணி எண்டுதானே கிடக்கு" என்றாள். தேர்வை நடத்திய நிறுவனமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. கோளாறு விண்ணப்பதாரியால் ஏற்பட்டதல்ல என்பதற்கு அரச அலுவலர் ஒருவரின் எழுத்துச் சான்று 31.08.2023க்கு முன் கிடைத்தால் மேன்முறையீட்டை ஏற்பார்கள் (இணைப்பு 5). இல்லையேல் கோப்பு மூடப்படும். இதற்கிடையில் மகள் முந்தலிலுள்ள இறால் பொதியிடும் இடமொன்றில் வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். செப்டெம்பர் முதலாம் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

14. வெள்ளிக்கிழமை, 18ஆம் திகதி, நிரோசன் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், முதலாளி சொல்லிட்டார், வியாழக்கிழமை எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டுத் தாறன். காசும் வேணாம். பிறகு என்ன கதை?" என்றார். கையை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "நான் சம்பளத்துக்கு நிக்கிற ஆள் அங்கிள்" என்றார். அவர் எங்களுக்குக் கெடுதல் செய்ய நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எழுத்தின் பொருள் அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அதை அழித்தால், எந்தப் பிரதி எந்த நாளில் நிறுவப்பட்டது, எந்தெந்த நேரத்தில் ஏன் அணைந்தது என்று கணினி தானே எழுதி வைத்திருக்கும் பதிவும் அழிந்துபோகும். பிறகு மிஞ்சுவது கடைக்காரர் தந்த கடுதாசி மட்டுமே.

15. ஆகவே தயவாய்க் கேட்டுக்கொள்வது: பரிசோதனை முடியும்வரை அக்கணினியில் எவரும் மாற்றம் செய்யாதிருக்க, வியாழக்கிழமைக்கு முன்னரே கடைக்குப் பணிக்க வேண்டும். தகைமையுள்ள ஒருவரைக் கொண்டு, எங்கள் இரு தரப்பின் முன்னிலையில், முத்திரையை உடைத்து உள்ளே ஈரம் பட்டதா என்றும், நிறுவப்பட்டது எந்தப் பிரதி என்றும் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அப்படியே எழுதுங்கள். நான் மறுத்து வர மாட்டேன்.

16. முடிவின் ஒரு பிரதியை 31ஆம் திகதிக்கு முன் தேர்வு நிறுவனத்துக்கு அனுப்பித் தருமாறு வேண்டுகிறேன். இன்னொரு பிரதியைத் தமிழில் எழுதி, என் பெயருக்கு அல்லாமல், திருமதி மக்தலேனா சாள்ஸ் என்ற பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முகவரி மேலே உள்ளதுதான். தபால்காரர் வரும் நேரம் அவர் வீட்டில் இருப்பார்.

மேற்கூறியவை நான் கண்டதும் கேட்டதும் மட்டுமே என உறுதிகூறி ஒப்பமிடுகிறேன்.

இடம்: தலவில
திகதி: 21.08.2023

(ஒப்பம்)
சூ. சாள்ஸ்

இணைப்புகள்: 1. பற்றுச்சீட்டு. 2. திரையின் படம். 3. நேரக் குறிப்பு, கொப்பிப் பக்கங்கள் இரண்டு. 4. உத்தரவாத மறுப்பு. 5. தேர்வு நிறுவனத்தின் கடிதம்.