நிச்சயதார்த்தத்தில் பேப்பர் கப் இல்லை

ஞாயிற்றுக்கிழமை, இரவு

கால் கடுக்கிறது. ஆனாலும் எழுதாமல் படுக்க மனசில்லை. ஜெயித்துவிட்டேன்.

மகள் நிச்சயதார்த்தத்துக்கு பேப்பர் கப், பிளாஸ்டிக் பாட்டில் எதுவும் வேண்டாம் என்று நான் சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் பயம். "சிதம்பரத்துலேர்ந்து வர்ற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, நம்ம கடலூர்க்காரங்க கஞ்சம்னு பேசுவாங்கடி. எச்சில் டம்ளரை யாரு கழுவறது?" என்று காலையில்கூடக் கத்தினார். தெருவில் நாலு வீட்டில் எவர்சில்வர் டம்ளர் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான்.

பந்தி முடிந்ததும் சம்பந்தியம்மா கை கழுவக் கொல்லைப்பக்கம் வந்தவர், குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தார். சாப்பிட்ட இலையெல்லாம் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போய்விட்டது. கூடையில் பூ வந்த கவர் மட்டும் கிடந்தது.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாங்க."

"எங்க பெரியவன் நிச்சயதார்த்தத்துக்கு கப்பு மட்டும் மூட்டை மூட்டையா கெடந்துது. தெருவெல்லாம் பறந்து மானமே போச்சு" என்றவர், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டம்ளர் கழுவ உட்கார்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "ஐயோ, நீங்க எந்திரிங்க சம்பந்தி! நான் கழுவறேன்!"

கழுவினார், கடைசி டம்ளர் வரைக்கும். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன். சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடாகிவிட்டது.