ஈசானிய மூலையில் மலை

2004 மார்ச் 14. இரவு மணி 11.40. கல்படுக்கைகள் பதினாறு. பதினாறும் கெட்டுவிட்டன.

அக்கா புருஷன் வீட்டுமனை பிளாட் விற்கிறவர். அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில், வேலை முடிந்தபின், ஒன்பது மாதமாக ஓர் உலகம் கட்டினேன். சமணத் துறவிகளின் கல்படுக்கைகள் உள்ள கீழக்குயில்குடி மலைதான், ஆனால் என்னுடையது. மவுஸைப் பிடித்து ஏறிப்போய் எந்தக் கல்படுக்கையில் படுத்தாலும் வானம் வேறு நிறமாகும். எனக்குப் பேசத் தெரியாததையெல்லாம் அந்த வானங்களில்தான் வைத்திருந்தேன்.

இன்று அத்தான் பார்த்துவிட்டார். "மாப்ள, அம்புட்டு தத்ரூபம்! அடிவாரத்துல நம்ம பிளாட்டைப் போடு, வாங்க வாரவுகளுக்குக் காட்டுவோம்."

கையோடு வாஸ்துக்காரரையும் வரவழைத்தார். அவர் திசைகாட்டியை மானிட்டர் மேலேயே வைத்தார்.

"ஈசானிய மூலையில மலை நிக்கிது. ஆகாது. கன்னிமூலைக்கு நகத்துங்க தம்பி."

"அண்ணே, மானிட்டர்ல காந்தம் இருக்கு. முள்ளு காட்டுறது வடக்கே இல்ல."

"பெரியவுக சொன்னா எதுத்துப் பேசாத" என்றார் அத்தான்.

நகர்த்தினேன். ஒரு மலையை நகர்த்த நாலு நொடி போதும். ஆனால் வானத்தை மாற்றும் கட்டளைகள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. பதினாறு படுக்கையிலும் படுத்துப் பார்த்தேன். ஒரே வானம், வெறும் நீலம்.

"இப்பத்தான்டா லட்சணமா இருக்கு" என்றார் அத்தான்.

நாளை:

1. மலை நகர்வதற்கு முன் எடுத்துவைத்த நகலை சிடியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.
2. ஆபீஸ் மலையில், கடைசிப் படுக்கைக்கு அடியில் இருக்கும் என் பெயரை அழிக்க வேண்டும்.
3. அவர்களுடைய வானத்தை நான் சரிசெய்யக் கூடாது.