காதில் சொன்ன பெயர்

1935 செப்டம்பர் 1, ஞாயிறு

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் வோட்டு வகுப்பு நடத்தினேன். பஞ்சாயத்து போர்டுத் தேர்தலுக்கு இன்னும் பதினைந்து நாள். வீட்டு வரி கட்டுகிறவர்கள் பத்தொன்பது பேர் வந்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். வோட்டுச் சாவடியில் அதிகாரி நான்தான்; மற்றவர்கள் என் காதில் பெயரைச் சொல்ல வேண்டும், நான் சீட்டில் குறி போடுவேன். வெளியே யாருக்கும் தெரியாது, பொண்டாட்டியிடம்கூடச் சொல்லாதீர்கள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், தவசியைத் தவிர. அவன் கோட்டைச்சாமியின் வயலைக் குத்தகைக்கு உழுகிறவன். தேர்தலில் நிற்பதும் அதே கோட்டைச்சாமிதான்.

"அவுகளுக்குத் தெரியாம இருக்குமா, வாத்தியாரய்யா?"

மாதா மேல் ஆணையாகத் தெரியாது என்றேன்.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று தேர்தல். சாவடிக்குத் தவசி வந்தான். வெற்றிலை வாசத்தோடு என் இடது காதில் குனிந்து, "ராக்கையா" என்றான். எதிர்த்து நிற்கிறவர் பெயர்! எனக்குப் புல்லரித்தது. என் வகுப்பு வீண் போகவில்லை.

செப்டம்பர் 17

கோட்டைச்சாமி ஜெயித்துவிட்டார். காப்பிக் கடையில் ஹெட்மாஸ்டர், "உம்ம வகுப்பால என்னய்யா பலன்?" என்று கேலி செய்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. தவசி மாதிரி ஆளே பயப்படாமல் தன் மனசுப்படி சொன்னான் தெரியுமா என்றேன். பக்கத்துப் பெஞ்சில் கோட்டைச்சாமியின் மைத்துனர் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

பெயரையா சொன்னேன்? இல்லையே.

அக்டோபர் 3

தவசியின் குத்தகை போய்விட்டது. நான் பெயரைச் சொல்லவில்லை — சொல்லாமலே சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மூதேவி நான்.

குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறானாம். மூட்டையோடு எதிரே வந்தான். என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

1936 பிப்ரவரி 8

தவசி செத்துப்போனான். மலைக்காய்ச்சல். அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 9

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்கால் படியிட்டு, வாய் வராமல் எழுந்து வந்துவிட்டேன். சாமியார் காதில் சொன்னால் வெளியே போகாது. என் காதில் சொன்னது?

1937 ஜூன் 14

இடது காதில் இன்னும் அந்த மூச்சு. வகுப்பில் பிள்ளைகள் கிட்டே வந்து ஏதாவது குசுகுசுத்தால் பதறி விலகுகிறேன்.

1938 ஜூலை 24, ஞாயிறு

மறுபடி தேர்தல், மறுபடி வகுப்பு. வந்தவர்கள் இரண்டு பேர். காதில் சொன்னாலும் பெரிய வீட்டுக்குத் தெரிந்துபோகும், எதற்கு வம்பு என்கிறது ஊர்.

அவர்களும் போனபிறகு இருளம்மாள் வந்தாள், தவசியின் பெண்சாதி. வீட்டு வரி இப்போது அவள் பெயரில். வாசலிலேயே நின்றாள்.

"எங்கிட்டக்கூட அவுக யாரு பேருக்குப் போட்டாகன்னு சொல்லல. நீங்க சொல்லக்கூடாதுன்னுட்டீகன்னு கடைசி வரைக்கும் வாயத் தெறக்கல. ஒங்க ஒருத்தர் காதுலதான் சொன்னாக. அப்பறம் எப்பிடி வெளிய போச்சு?"

மூன்று வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. என்னால்தான் அம்மா என்றேன். காப்பிக் கடை, என் ரோசம், பக்கத்துப் பெஞ்சு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. போய்விட்டாள்.

ஏசியிருக்கக் கூடாதா? மண்ணை வாரித் தூற்றியிருக்கக் கூடாதா?

ஜூலை 31, ஞாயிறு

இருளம்மாள் வந்தாள். கூடவே பத்துப் பேர், ஆணும் பெண்ணுமாக. பெஞ்சில் உட்காரச் சொன்னேன்; அவள் மட்டும் உட்காரவில்லை.

"இனி ஒங்க காது வேண்டாம். தேர்தல்ல நிக்கிற ரெண்டு பேரோட பேரும் எழுத்துல எப்பிடி இருக்கும்னு காட்டுங்க. நாங்களே குறி போட்டுக்கிறோம்."

இந்த முறையும் அதே இருவர்தான் நிற்கிறார்கள். கரும்பலகையில் 'கோ' எழுதினேன், 'ரா' எழுதினேன். பக்கத்தில் பெருக்கல் குறி போடுவது எப்படி என்று காட்டினேன். சுண்ணாம்புக்கட்டி இரண்டு தரம் ஒடிந்தது. நல்ல பேச்சாகப் பேசினேனே அன்றைக்கு — இந்த இரண்டு எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஏன் தோன்றவில்லை? என் காதுக்கு அவர்கள் வர வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்ததோ?

செப்டம்பர் 19, திங்கள்

தேர்தல் முடிந்தது. பதினொரு பேரும் வந்தார்கள். இருளம்மாள் சீட்டை வாங்கிக்கொண்டு தட்டி மறைப்புக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை, வெளியே வரிசையில் முணுமுணுத்தார்கள். பிறகு வந்து, நாலாக மடித்த சீட்டைத் தன் கையாலேயே பெட்டியில் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வந்து, அந்தப் பொம்பளை யாருக்குப் போட்டாள் என்று கேட்டார்.

தெரியாது என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது.