முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை

அன்பான எவாரிஸ்தோவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? கழுதை சுகமா? உங்கள் இருவரில் இப்போது யார் அதிகம் முரண்டு பிடிப்பது?

இங்கே லிமாவில், நான் கூட்டிப் பெருக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு வேடிக்கை. மலையூர்ப் பெண்களின் உடம்பைப் பற்றி வீடுவீடாகக் கேட்கப்போகும் கேள்விகளை முதலில் என்னிடம் கேட்டுப் பார்த்தார்கள்.

“உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும், சத்துர்னினாம்மா” என்றாள் யெசெனியா. புதிதாக வேலைக்கு வந்த பெண். “மார்புல கட்டி ஏதாவது இருக்கா?”

“இருக்கு, அவரைக்கொட்டை அளவுக்கு. ஒரு வருஷமா வாடகை குடுக்காம குடியிருக்கு.”

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். “உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா?” என்று உங்களைப் பற்றிக் கேட்டாள்.

“அவர் கண்ணுக்கு மாட்டு மடி மட்டும்தான் தெரியும்.”

அதற்கும் சிரிக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்களாம். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆளாளுக்கு வந்து அதைச் சொல்வதுதான் பயமாக இருக்கிறது. பெருக்கும்போது காலைக்கூடத் தூக்காத பேராசிரியர் இன்று எழுந்து நாற்காலியை நகர்த்தினார்.

வறுத்த சோளம் கொஞ்சம் வேண்டும். நம் வீட்டுப் பெட்டியில் என் நீலச் சட்டை இருக்கும், முன்பக்கம் பொத்தான் வைத்தது. அதுவும் வேண்டும், ஆஸ்பத்திரியில் கழற்றச் சுலபம். இரண்டையும் பஸ்காரரிடம் கொடுத்தால் சோளத்தைத் தின்றுவிட்டுச் சட்டையைத் தொலைத்துவிடுவார். நீங்களே எடுத்துவாருங்கள், புதன்கிழமைக்குள். கழுதையை உங்கள் தங்கை பார்த்துக்கொள்வாள்.

கூடத்தைப் பூட்டப்போகிறார்கள், நிறுத்துகிறேன்.

உங்கள்
சத்துர்னினா