இரண்டு போனிலும் ஓட வேண்டும்

மார்ச் 3
காலையிலிருந்து ஒரே போன். "நர்ஸ் வந்தாச்சா?" வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நர்ஸ் அவர்களுடைய அப்பாவைக் குளிப்பாட்டுவாளா, எனக்குப் பதில் சொல்வாளா? வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் தொழிலில் பாதி நாள் இதற்கே போகிறது. உள்ளே நுழைந்ததும் அவள் ஒரு பட்டனை அமுக்கினால் வீட்டாருக்குத் தெரிய வேண்டும். அப்படி ஒரு ஆப் செய்துவிட வேண்டியதுதான். நர்ஸ்கள் கையில் ஆண்ட்ராய்டு, பிள்ளைகள் கையில் ஐபோன். இரண்டிலும் ஓட வேண்டும். ஆள் தேடணும்.

மார்ச் 5
இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அண்ணியைப் பார்க்கப் போனேன்; அவருக்கும் நம் நர்ஸ்தான் தினமும் போகிறாள். அண்ணனுக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ! "வெளியாளை எதுக்குத் தேடுற? நம்ம பையன் ஆப் செய்யற டீம் வெச்சிருக்கான்ல?" நான் தொழில் தொடங்கியபோது, தனி இடம் பிடிக்கும்வரை ஆபீஸ் போடத் தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தவர். முடியாது என்று எந்த வாயால் சொல்ல? "எல்லாரையும் போல அவனும் செஞ்சு காட்டட்டும்ணே" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

மார்ச் 9
ஆட்களைப் பார்த்துப் பார்த்துத் தலை சுற்றுகிறது. ஒருவர் பேசியதில் எனக்குப் புரிந்தது 'வணக்கம்' மட்டும். மிஞ்சியது இரண்டு டீம்: அண்ணன் பையனுடையது, ஒரு சுருட்டைமுடிக்காரியுடையது. அந்த ஒரு பட்டனை மட்டும் செய்து, சனிக்கிழமை இரண்டு போனிலும் காட்டச் சொன்னேன்.

மார்ச் 14, சனி
எழுதவே கை கூசுது.

சுருட்டைமுடி முதலில் வந்தாள். ஆண்ட்ராய்டில் ஓடியது. ஐபோனில் திரை வெள்ளையாக நின்றது. "இதுல இன்னும் ஓடல மேடம். ஒரு வாரம் வேணும்." இதைச் சொல்லவா வந்தாய் என்று எரிச்சல்தான் வந்தது.

பிறகு அண்ணன் பையன். அண்ணனும் கூடவே வந்து நடுவில் உட்கார்ந்தார். பையன் தொடத்தொட இரண்டு போனிலும் அருமையாக ஓடியது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வை! எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. நானே ஐபோனை வாங்கிப் பட்டனை அமுக்கினேன். பட்டன் அமுங்கவில்லை. திரை நடுவில் இரண்டு கோடு வந்து நின்றது — வீடியோவை நிறுத்தும் குறி.

ஆப் இல்லை. ஆப் ஓடுவது போல ஒரு வீடியோ!

"அத்தை, அது வந்து... நேரம் பத்தல..." பையனுக்குக் காது சிவந்துவிட்டது. அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லாத்தானே ஓடுச்சு, ஏன் நிறுத்திட்ட?" என்று என்னைக் கேட்டார். ஐயோ.

மார்ச் 15
சுருட்டைமுடிக்குத்தான் வேலை. ஓடலைன்னா ஓடலைன்னு சொல்ற ஆள்தான் எனக்கு வேணும். நர்ஸ் வராமலே வந்ததாகக் காட்டினால் படுத்திருக்கிற உயிர் என்ன ஆகும்? அண்ணனிடம் போனில் சொன்னேன். "முன்னறையைக் கொடுத்தப்ப நான் உனக்குப் பரீட்சை வெச்சேனா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்.

கேள்வி நியாயம்தானே? அதான் வலிக்குது.

ஏப்ரல் 2
அண்ணன் இன்னும் போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 20
அண்ணி பேசினார். "உன் பேரை எடுத்தாலே உங்கண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டுறாரு." பையன் மட்டும் ஆபீஸ் வந்து மன்னிப்புக் கேட்டான். ஆப் தயாரானதும் அப்பா போனில் தானே போட்டுத் தருவானாம். "நிஜ ஆப்பா, வீடியோவாடா?" என்றேன். சிரித்துவிட்டான். எனக்கும் கொஞ்சம் மனசு லேசானது.

மே 11
ஆப்பை இன்று எல்லோருக்கும் திறந்துவிட்டோம். குறை எழுத அடியில் ஒரு பெட்டி. மதியத்துக்குள் குவிந்துவிட்டது: எழுத்து சின்னது, மணி அடிக்கவில்லை, நிறம் பிடிக்கவில்லை. நடுவில் அண்ணன் போனிலிருந்து ஒன்று:

"நர்ஸ் வந்துட்டான்னு காட்டுது. வந்துட்டா. நீ எப்ப வர்ற?"

மற்ற குறைகளைச் சுருட்டைமுடி பார்த்துக்கொள்வாள். நான் கிளம்புகிறேன்.